எந்த மென்பொருளில் படம் திருத்துவது? நேரம் எங்கே கரைகிறது என்று முதலில் பாருங்கள்

கேமரா கைக்கு வந்த சில வாரங்களில் எல்லோரும் கேட்கும் கேள்வி இது: எடிட்டிங்குக்கு எதை வைத்துக்கொள்ளலாம்? கேட்டவுடன் ஒரு பெயரைச் சொல்லிவிடலாம். ஆனால் மாதம் 50 பறவைப் படங்கள் எடுப்பவருக்கும், ஒரே நாளில் 3,000 நிகழ்ச்சிப் படங்களோடு வீடு திரும்புபவருக்கும், ஸ்டூடியோவில் ஒரு கைக்கடிகாரத்தையே நாள் முழுக்கப் படமெடுப்பவருக்கும் ஒரே பெயர் பொருந்தாது. தப்பாகத் தேர்ந்தெடுத்தால் போவது பணம் மட்டுமல்ல. பல வருடத் திருத்தங்கள் ஒரு மென்பொருளுக்குள் மாட்டிக்கொண்டு, வெளியே எடுக்க வழியில்லாமல் நிற்கும்போதுதான் நஷ்டம் உறைக்கும்.

முதலில் ஒரு நேரக் கணக்கு

அடுத்த இரண்டு படப்பிடிப்புகளுக்குப் பிறகு கணினி முன் செலவாகும் நேரத்தை நான்காகப் பிரித்து ஒரு தாளில் எழுதுங்கள். படங்களைச் சலித்துத் தேர்ந்தெடுத்தது ஒரு வரி. வெளிச்சமும் வண்ணமும் சரிசெய்தது இன்னொரு வரி. தோலில் உள்ள மறுவை எடுப்பது, பின்னணியில் நிற்கும் கம்பத்தை நீக்குவது போன்ற நுணுக்க வேலை மூன்றாவது. எக்ஸ்போர்ட் செய்து ஒப்படைத்தது கடைசி. எந்த வரியில் அதிக நிமிடங்கள் விழுகின்றனவோ, அந்த வேலையை இலகுவாக்கும் மென்பொருள்தான் உங்களுக்கு வேண்டியது. வண்ணம்தான் தன் பிரச்சினை என்று புது மென்பொருள் தேடுபவரின் தாளில், பாதி நேரம் சலிப்பதில் போயிருப்பதை அடிக்கடி பார்க்கலாம்.

சலிக்க வேண்டிய 2,000 படங்களுக்குப் படத்துக்கு 5 நொடி என்று வைத்தாலே ஏறக்குறைய 2 மணி 45 நிமிடம் ஆகிவிடும். ஒவ்வொரு படமும் திரையில் தெளிவாக வர 2 நொடி எடுத்தால், அதற்கு மேல் இன்னும் ஒரு மணி நேரத்துக்கும் கூடுதலாக வெறுமனே காத்திருக்கிறீர்கள். இந்தக் காத்திருப்புக்குக் காரணம் உண்டு. ரா ஃபைல் என்பது கேமரா சென்சார் தந்த பதப்படுத்தாத தரவு. அதைத் திறக்கும் மென்பொருள், அந்தத் தரவிலிருந்து படத்தை அப்போதுதான் கட்டி எழுப்புகிறது. சலிப்பதற்கென்றே உள்ள போட்டோ மெக்கானிக் என்ற மென்பொருள் அந்த வேலையில் இறங்குவதே இல்லை. கேமரா ஒவ்வொரு ரா ஃபைலுக்குள்ளும் பொதிந்து வைத்திருக்கும் ஜேபெக் முன்னோட்டத்தை எடுத்து அப்படியே காட்டிவிடுகிறது. விளையாட்டு, செய்திப் படக்காரர்கள் அதை விடாமல் பிடித்திருப்பது இந்த வேகத்துக்காகத்தான். சொந்த உபயோகத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் எக்ஸ்என்வியூ எம்பி, ஃபாஸ்ட்ஸ்டோன் இரண்டும் சலிக்கும் வேலைக்கு நன்றாகவே உதவும். லைட்ரூம் கிளாசிக் ஏற்கெனவே இருந்தால், இம்போர்ட் திரையில் முன்னோட்ட வகையை ‘எம்பெடட் அண்ட் சைட்கார்’ என்று மாற்றிப் பாருங்கள். புது மென்பொருளே தேவைப்படாமல் போகலாம்.

இதில் ஒரு எச்சரிக்கை. பொதிந்த ஜேபெக்கில் வானம் வெளுத்துத் தெரிந்தால் அதற்காகப் படத்தை ஒதுக்கிவிடாதீர்கள். கேமரா போட்ட ஜேபெக் அது. ரா ஃபைலில் அந்த மேகம் இன்னும் இருக்கக்கூடும். சில கேமராக்கள் சிறிய முன்னோட்டத்தையே பொதிக்கின்றன. அவற்றில் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிக் கண்ணில் ஃபோகஸ் விழுந்ததா என்று பார்க்க முடியாது. அந்த ஒரு சந்தேகத்துக்காவது முழு ரா ஃபைலைத் திறந்துதான் ஆக வேண்டும்.

ரா டெவலப்பரா, லேயர் எடிட்டரா

போட்டோஷாப் 1990இல் வந்தது. படத்தின் மேல் கண்ணாடித் தாள் போல அடுக்கித் திருத்தும் லேயர் அதில் 1994இல், 3.0 பதிப்பில் சேர்ந்தது. அது பிக்சலைத் தொட்டு வேலை செய்யும் மரபு. 2007இல் வந்த லைட்ரூம் வேறு வழியைப் பரவலாக்கியது. மூலப் படத்தில் கை வைக்காமல், ‘எக்ஸ்போஷரை இவ்வளவு கூட்டு, ஹைலைட்டை இவ்வளவு இறக்கு’ என்ற கட்டளைகளை மட்டும் குறித்துக்கொண்டு, எக்ஸ்போர்ட் செய்யும்போது அவற்றை நிறைவேற்றும் வழி. கேப்சர் ஒன், டிஎக்ஸ்ஓ போட்டோலேப், டார்க்டேபிள், ராதெரபி எல்லாம் இந்த இரண்டாவது குடும்பம், அதாவது ரா டெவலப்பர்கள். அஃபினிட்டி, கிம்ப் இரண்டும் போட்டோஷாப்பின் முதல் குடும்பம், அதாவது லேயர் எடிட்டர்கள்.

இந்த வேறுபாடு தெரியாமல் செய்யும் தேர்வுதான் அதிக நேரத்தைத் தின்கிறது. ஒரே வெளிச்சத்தில் எடுத்த 400 படங்களை லேயர் எடிட்டரில் ஒவ்வொன்றாகத் திறந்து சரிசெய்பவர், ரா டெவலப்பரில் ஒன்றைச் சரிசெய்து மீதி 399க்கும் சில நொடியில் ஒட்டியிருக்கலாம். இடம் எவ்வளவு பிடிக்கும் என்பதையும் கணக்கிட்டுப் பாருங்கள். 24 மெகாபிக்சல் படத்தை 16 பிட் டிஃப் ஃபைலாகச் சேமித்தால், 2 கோடியே 40 லட்சம் பிக்சல், மூன்று நிறம், நிறத்துக்கு 2 பைட்: மொத்தம் 144 எம்பி. 400 படங்களுக்கு 57 ஜிபியைத் தாண்டும். ரா டெவலப்பரின் கட்டளைக் குறிப்பு படத்துக்குச் சில கிலோபைட்தான்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. ரா டெவலப்பரிலேயே முகத்தில் 80 இடங்களில் ஹீலிங் பிரஷ் வைத்து, மேலே பத்து மாஸ்க் (படத்தின் ஒரு பகுதியை மட்டும் திருத்தப் போடும் எல்லை) அடுக்கினால், ஸ்லைடரை நகர்த்தும்போதெல்லாம் அந்தக் கட்டளைகள் முழுவதையும் மென்பொருள் மறுபடி கணக்கிடுகிறது. திரை திணறும். கணினி பழசாகிவிட்டது என்று நினைப்பார்கள், கணினியில் குறை இருக்காது. தோல் வேலை, இரண்டு படங்களை ஒட்டுதல், முன்னால் நிற்கும் ஆளை நீக்கிப் பின்னணியை மறுபடி வரைதல் ஆகியவை லேயர் எடிட்டரின் வேலை. வண்ணம் முழுவதையும் ரா டெவலப்பரில் முடித்துவிட்டு, தேவைப்படும் ஐந்தாறு படங்களை மட்டும் 16 பிட் டிஃப்பாக அனுப்புங்கள்.

கிம்ப்பைத் தேர்வதானால் இதை அறிந்திருங்கள்: ரா ஃபைலை அது நேரடியாகத் திறக்காது. டார்க்டேபிளோ ராதெரபியோ கணினியில் இருந்தால் அதை அழைத்து, அது தரும் படத்தை வாங்கிக்கொள்ளும். 2025இல் வந்த 3.0 பதிப்பிலிருந்துதான் போட்ட ஃபில்டரைப் பிறகு மாற்றும் வசதி அதில் வந்தது. பழைய பதிப்புகளுக்கான பாடங்களைப் பார்த்துக் கற்பவர்கள், கர்வ் போடுவதற்கு முன் லேயரைப் பிரதி எடுக்கச் சொல்வதைக் காண்பார்கள். அதற்குக் காரணம் இதுதான்.

ஜேபெக்கில் மட்டும் படமெடுப்பவருக்கு இந்த ஆராய்ச்சியில் பெரும்பகுதி தேவையில்லை. 14 பிட் ரா ஒவ்வொரு நிறத்துக்கும் 16,384 படிகளைத் தாங்கும், ஜேபெக் 256. விளக்கின் நிறத்துக்கு ஏற்ப வண்ணத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸும் அதில் முன்பே உறைந்துவிட்டது. கனமான ரா டெவலப்பர் அங்கே காட்டக்கூடிய வித்தை குறைவு. போனில் ஸ்னாப்சீட் போதும்.

திருத்தங்கள் எங்கே சேமிக்கப்படுகின்றன

நிதானமாக யோசிக்க வேண்டிய இடம் இது. ஸ்லைடர்கள் எல்லா மென்பொருளிலும் ஏறக்குறைய ஒன்றுதான், ஒரு வாரத்தில் கை பழகிவிடும். திருத்தங்களைச் சேமிக்கும் முறை அப்படியல்ல. ஒரு முறை ஏற்றுக்கொண்டால் பத்து வருடம் கூடவே வரும்.

லைட்ரூம் கிளாசிக் எல்லாத் திருத்தங்களையும் கேட்டலாக் என்ற ஒரே தரவுத்தள ஃபைலில் வைக்கிறது. படங்கள் அதற்குள் இல்லை. எந்த ஃபோல்டரில் இருக்கின்றன என்ற முகவரி மட்டும் இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் லைட்ரூமைப் பற்றிய புகார்களில் பாதி தீர்ந்துவிடும். ஃபோல்டரை விண்டோஸ் எக்ஸ்புளோரரிலோ மேக் ஃபைண்டரிலோ நகர்த்தினால் லைட்ரூமுக்குத் தெரியாது, ஃபோல்டரின் மேல் கேள்விக்குறி விழும். பதறி மறுபடி இம்போர்ட் செய்தால் திருத்தமில்லாத இரண்டாவது பிரதிதான் வரும். அந்த ஃபோல்டர் பெயரில் வலது கிளிக் செய்து ‘ஃபைன்ட் மிஸ்ஸிங் ஃபோல்டர்’ கொடுத்துப் புதிய இடத்தைக் காட்டுங்கள், எல்லாம் திரும்பிவிடும். மூடும்போது அது கேட்கும் ‘பேக்கப்’ கேட்டலாக்கை மட்டுமே பிரதி எடுக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். அதை நம்பிப் படங்களைப் பிரதி எடுக்காமல் விட்டவர்கள், ஹார்ட் டிஸ்க் போன நாளில் குறிப்புகளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

கேட்டலாக்கை நெட்வொர்க் டிரைவில் வைத்துத் திறக்க லைட்ரூம் கிளாசிக் அனுமதிக்காது. கிளவுடோடு ஒத்திசையும் ஃபோல்டரில் வைத்து இரண்டு கணினிகளில் ஒரே நேரத்தில் திறப்பதும் ஆபத்து. இரண்டு பேர் சேர்ந்து திருத்தும் வேலை என்றால் இந்த ஒரு காரணத்துக்காகவே வேறு முறையைப் பாருங்கள்.

வேறு முறை என்பது சைட்கார். ஒவ்வொரு ரா ஃபைலுக்கும் பக்கத்தில் சின்னக் குறிப்பு ஃபைல் ஒன்று உட்காரும். ராதெரபி பிபி3 என்ற முடிவோடும், டார்க்டேபிள் எக்ஸ்எம்பி என்ற முடிவோடும் அதை எழுதுகின்றன. ஃபோல்டரை எங்கே தூக்கிச் சென்றாலும் திருத்தம் கூடவே போகும். லைட்ரூமிலும் கேட்டலாக் செட்டிங்ஸில், மெட்டாடேட்டா பகுதியில், மாற்றங்களைத் தானாக எக்ஸ்எம்பியில் எழுதச் சொல்லும் கட்டத்தை டிக் செய்தால் கேட்டலாக்கோடு சைட்காரும் கிடைக்கும். இதை முதல் நாளே செய்துவிடுங்கள். ஆனால் கலெக்‌ஷன், வர்ச்சுவல் காப்பி, ஹிஸ்டரி ஆகியவை எக்ஸ்எம்பிக்குப் போகாது, கேட்டலாக்கோடு நின்றுவிடும். ரா ஃபைலை அடோபியின் பொது ரா வடிவமான டிஎன்ஜியாக மாற்றி வைத்திருந்தால், திருத்தக் குறிப்பு அந்த டிஎன்ஜிக்குள்ளேயே எழுதப்படும். இது நேர்த்தியாகத் தோன்றும். ஆனால் ஒரு நட்சத்திர மதிப்பை மாற்றினாலும் ஃபைல் முழுவதும் மாறியதாக எண்ணி பேக்கப் மென்பொருள் அதை முதலிலிருந்து பிரதி எடுக்கும். மெதுவான இணையத்தில் கிளவுட் பேக்கப் வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய தலைவலி.

கேப்சர் ஒன்னில் கேட்டலாக்கும் உண்டு, செஷன் என்ற முறையும் உண்டு. ஒரு வேலைக்கு ஒரு செஷன். கேப்சர், செலக்ட்ஸ், அவுட்புட், டிராஷ் என்று நான்கு ஃபோல்டர்களோடு அது தொடங்குகிறது. வேலை முடிந்ததும் அந்தப் பெரிய ஃபோல்டரை அப்படியே ஆவணத்துக்கு நகர்த்திவிடலாம். வாடிக்கையாளர் வாரியாக வேலை செய்பவர்களுக்கு இதைவிடச் சுத்தமான ஏற்பாடு வேறில்லை என்பது என் கருத்து. ஒரு அபாயம் மட்டும் உண்டு. படங்கள் இருக்கும் இடத்தில் ‘கேப்சர்ஒன்’ என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் தானாக முளைக்கும். இடம் காலி செய்ய நினைப்பவர்கள் அதைக் குப்பை என்று அழித்துவிடுகிறார்கள். அதற்குள் உள்ள ‘கேச்’ போனால் மீண்டும் உருவாகும். ‘செட்டிங்ஸ்’ போனால் திருத்தம் போயிற்று.

சேமிப்பு முறைக்கு இவ்வளவு இடம் கொடுப்பதற்குக் காரணம், மென்பொருள்கள் நிலையானவை அல்ல. ஆப்பிள் தன் படத்திருத்த மென்பொருளான அப்பர்ச்சரை இனி வளர்க்கப்போவதில்லை என்று 2014இல் அறிவித்தது. 2019இல் வந்த மேக் கேட்டலினாவில் அது இயங்கவே இல்லை. நிக் என்ற ஃபில்டர் தொகுப்பை 2012இல் கூகுள் வாங்கியது, 2016இல் இலவசமாக்கியது, 2017இல் டிஎக்ஸ்ஓவுக்குக் கைமாற்றியது. அஃபினிட்டியை 2024இல் கேன்வா வாங்கியது. இன்று நீங்கள் விரும்பும் நிறுவனம் நாளை என்ன முடிவெடுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒரு மென்பொருளின் திருத்தத்தை இன்னொன்று புரிந்துகொள்ளாது என்பதும் இதோடு சேர்ந்தது. நட்சத்திரம், குறிச்சொல், தலைப்பு ஆகியவை எக்ஸ்எம்பி வழியாகத் தாண்டிப் போகும். ‘ஷேடோ +40’ என்பது போகாது. லைட்ரூமின் அடிப்படைத் திருத்தங்கள் சிலவற்றைக் கேப்சர் ஒன்னும் டார்க்டேபிளும் வாசிக்க முயலும். ஆனால் அதே எண்ணுக்கு அங்கே வேறு கணிதம், எனவே வேறு படம்.

கேமராவும் லென்ஸும் சொல்லும் பதில்

புதிதாக வந்த கேமராவின் ரா ஃபைலைப் பழைய மென்பொருள் திறக்காது. ஒரு முறை காசு கொடுத்து நிரந்தர உரிமம் வாங்குவதில் மறைந்திருக்கும் செலவு இது. மென்பொருள் உங்களுடையது, ஆனால் கேமரா மாற்றும் நாளில் அதற்கும் புதுப் பதிப்பு வாங்க வேண்டிவரலாம். அடோபியின் டிஎன்ஜி கன்வெர்ட்டர் இலவசம். புதுக் கேமராவின் ராவை டிஎன்ஜியாக்கிப் பழைய லைட்ரூமில் திறக்க அது வழிசெய்யும். கூடுதலாக ஒரு படி, கூடுதலாகச் சில நிமிடம், அவ்வளவுதான். மூல ரா ஃபைலை அதன் பிறகு அழிக்க வேண்டாம். தயாரிப்பாளரின் சொந்த மென்பொருள் அந்த டிஎன்ஜியை ஏற்காது.

ஃபியூஜியின் எக்ஸ்-டிரான்ஸ் சென்சார் வைத்திருப்பவர்கள் தனியாகச் சோதிக்க வேண்டும். மற்றக் கேமராக்களில் நிற வடிகட்டி 2க்கு 2 என்ற கட்டத்தில் திரும்பத் திரும்ப வரும், எக்ஸ்-டிரான்ஸில் 6க்கு 6. அதைப் பிரித்துப் படமாக்கும் கணிதம் மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். லைட்ரூமில் ஷார்ப்பனிங்கைக் கூட்டினால் புல்லும் இலையும் புழு நெளிவது போன்ற கோலம் காட்டுவது இதனால்தான். ‘என்ஹான்ஸ்’ கட்டளையில் ரா டீடெயில்ஸ் போட்டால் பெரும்பாலும் அடங்கும். போட்டோலேப் எக்ஸ்-டிரான்ஸைத் தொட ஆரம்பித்ததே 2021இல், 5ஆம் பதிப்பில்தான்.

‘கேமரா திரையில் பார்த்த வண்ணம் லைட்ரூமில் வரவில்லை’ என்ற புகாருக்கு மென்பொருளை மாற்றும் முன் புரொஃபைலை மாற்றிப் பாருங்கள். இயல்பாக ‘அடோபி கலர்’ இருக்கும். பக்கத்திலேயே கேமராவின் பாணிகளுக்கு ஒத்த ‘கேமரா மேட்சிங்’ வரிசை இருக்கிறது. அதுவும் போதாது, கேமராவின் ஜேபெக் வண்ணம் அச்சு அசலாக வேண்டும் என்பவர்களுக்குத் தயாரிப்பாளரின் இலவச மென்பொருள்தான் சரி. கேனனுக்கு டிஜிட்டல் போட்டோ புரொஃபஷனல், நிக்கானுக்கு என்எக்ஸ் ஸ்டூடியோ, சோனிக்கு இமேஜிங் எட்ஜ். ஃபியூஜியின் எக்ஸ் ரா ஸ்டூடியோ இன்னும் ஒரு படி மேலே போய், யுஎஸ்பியில் இணைத்த கேமராவின் சிப்பையே படத்தைக் கட்ட வைக்கிறது. வேகமும் வசதியும் இவற்றில் குறைவு. மாதம் 30 படம் திருத்துபவருக்கு அது ஒரு குறையே இல்லை, செலவும் இல்லை.

எந்த வேலைக்கு எது

ஸ்டூடியோவில் கேமராவைக் கணினியோடு கட்டிவைத்து எடுப்பவருக்கு கேப்சர் ஒன் என்று தயங்காமல் சொல்வேன். படம் திரைக்கு வரும் வேகம், இணைப்பு அறுந்தால் மீளும் விதம், தோல் நிறத்தைச் சீராக்கும் கலர் எடிட்டர் மூன்றும் அதை நியாயப்படுத்துகின்றன. இணைப்பு அடிக்கடி அறுந்தால் மென்பொருளைக் குறை சொல்லும் முன் கேபிளைப் பாருங்கள். சாதாரண யுஎஸ்பி 3 கேபிள் 3 மீட்டரைத் தாண்டினால் நம்ப முடியாது, அதற்கு மேல் சிக்னலைப் பெருக்கும் கேபிள் வேண்டும்.

நிகழ்ச்சி, திருமணம்: லைட்ரூம் கிளாசிக். அதன் தனி பலம் எந்த ஒரு ஸ்லைடரிலும் இல்லை. சலிப்பது முதல் ஒப்படைப்பது வரை ஒரே இடத்தில் முடிகிறது என்பதில் இருக்கிறது. சந்தா நின்றால் என்ன ஆகும் என்பதைத் தெரிந்துகொண்டு நுழையுங்கள். டெவலப், மேப் பகுதிகள் பூட்டிக்கொள்ளும். கேட்டலாக் திறக்கும், படங்களைத் திருத்தங்களோடு எக்ஸ்போர்ட் செய்யலாம். கிளவுடை நம்பும் இன்னொரு லைட்ரூம் வேறு. அதில் மூலப் படமே அங்கே இருப்பதால், சந்தாவை நிறுத்தும் முன் எல்லா மூலங்களையும் இறக்கிவிட வேண்டும்.

காட்டுயிர், இரவு, உள்ளரங்க விளையாட்டு எடுப்பவர்களின் சங்கடம் நாய்ஸ், அதாவது படத்தில் படரும் புள்ளிகள். ஐஎஸ்ஓ 6400க்கு மேல் பெரும்பாலான படங்கள் விழுகின்றன என்றால் போட்டோலேப்பில் உள்ள டிஎக்ஸ்ஓவின் நாய்ஸ் நீக்கியான டீப்பிரைம் சோதித்துப் பார்க்கத் தகுந்தது. லைட்ரூமில் 2023இல் வந்த டீநாய்ஸும் அதற்கு மிக அருகில் நிற்கிறது. இரண்டும் ரா ஃபைலில் மட்டுமே முழுப் பலன் தரும். லைட்ரூமை விட மனமில்லாதவர் போட்டோலேப்பில் நாய்ஸையும் லென்ஸ் கோணலையும் மட்டும் நீக்கி, டிஎன்ஜியாக லைட்ரூமுக்கு அனுப்பலாம். அந்த டிஎன்ஜி மூன்று நிறத்தையும் முழுதாகச் சுமப்பதால் மூல ராவைவிடப் பல மடங்கு பெரிசாக இருக்கும். எல்லாப் படத்துக்கும் செய்யாமல், தேர்ந்த படங்களுக்கு மட்டும் செய்யுங்கள். இந்த வகை மென்பொருளில் 100 என்ற எண்ணை நம்பி முழுதாகப் போட்டால் இறகு மெழுகாகிவிடும். பாதியில் தொடங்கி, பறவையின் கண்ணோரச் சிறு இறகைப் பார்த்து நிறுத்துங்கள்.

மிக நெருக்கத்தில் எடுக்கும் மேக்ரோவுக்கு ஃபோகஸ் ஸ்டாக்கிங் வேண்டும், அதாவது வெவ்வேறு இடத்தில் ஃபோகஸ் செய்த படங்களை ஒன்றாக ஒட்டுவது. லைட்ரூம் பனோரமாவையும் எச்டிஆரையும் ஒட்டும், ஃபோகஸ் அடுக்கை ஒட்டாது. போட்டோஷாப், அஃபினிட்டி இரண்டும் செய்யும். 40 படம் அடுக்கும் அளவுக்குப் போனால் ஹெலிகான் ஃபோகஸ் அல்லது செரீன் ஸ்டேக்கர்.

இலவச வழியில் போக நினைப்பவர்களுக்கு டார்க்டேபிள் அரைகுறைச் சமாதானம் அல்ல, முழுமையான கருவி. மாஸ்க் வசதியில் விலை கொடுத்து வாங்கும் பலவற்றுக்கு ஈடு கொடுக்கும். லினக்ஸில் வேலை செய்பவருக்கு அடோபியும் கேப்சர் ஒன்னும் கிடைக்காது என்பதால் டார்க்டேபிள், ராதெரபி, படங்களை அடுக்க டிஜிகேம் என்ற கூட்டணிதான் இயல்பான வழி. டார்க்டேபிளில் தடுக்கி விழும் இடங்கள் மூன்று. முதலாவது, திறந்ததும் படம் கேமரா ஜேபெக்கைவிடச் சோர்ந்து தெரியும். எக்ஸ்போஷர் மாட்யூலைக் (அதில் ஒவ்வொரு திருத்தக் கருவிக்கும் மாட்யூல் என்று பெயர்) கூட்டி முகமும் நடுத்தர வெளிச்சமும் சரியாகும்வரை கொண்டுவாருங்கள். வானம் வெளுப்பதைப் பற்றி அந்த நேரத்தில் கவலை வேண்டாம், அடுத்து வரும் டோன் மாட்யூல் அதைப் பிடித்துக்கொள்ளும். இரண்டாவது, ஃபில்மிக், சிக்மாய்ட் இரண்டும் ஒரே வேலையைச் செய்பவை. இரண்டையும் சேர்த்துப் போட்டால் படம் சாம்பல் பூத்துவிடும். புதியவருக்கு ஸ்லைடர் குறைந்த சிக்மாய்ட் நல்லது. மூன்றாவது, கலர் கேலிப்ரேஷன் மாட்யூல் இயங்கும்போது ஒயிட் பேலன்ஸ் மாட்யூலையும் தொட்டால் திருத்தம் இரண்டு முறை ஏறும், எச்சரிக்கை தெரியும். ஒன்றை மட்டும் தொடுங்கள். மாட்யூல்களின் எண்ணிக்கையைப் பார்த்து மிரள வேண்டாம். எக்ஸ்போஷர், கலர் கேலிப்ரேஷன், சிக்மாய்ட், லென்ஸ் கரெக்‌ஷன், புரொஃபைல்டு டீநாய்ஸ், கலர் பேலன்ஸ் ஆர்ஜிபி என்ற ஆறை மட்டும் ஒரு தனித் தொகுப்பாக வைத்து மற்றவற்றை மறைத்துவிட்டு ஒரு மாதம் ஓட்டுங்கள்.

கணினியும் மானிட்டரும்

கேட்டலாக்கும் அதன் முன்னோட்டங்களும் உள்ளே இருக்கும் எஸ்எஸ்டியில் இருக்கட்டும். ரா ஃபைல்கள் வெளி ஹார்ட் டிஸ்க்கில் இருந்தாலும் வேகம் பெரிதாகக் குறையாது. பலர் இதைத் தலைகீழாக வைத்திருக்கிறார்கள். ராம் 16 ஜிபி இருந்தால் ரா வேலைக்குத் தாராளம், பெரிய பனோரமாவும் லேயர்களும் சேர்ந்தால் 32. ஏஐ நாய்ஸ் நீக்கம் முழுக்க முழுக்க கிராபிக்ஸ் கார்டை நம்பியது. நல்ல கார்டில் சில நொடியில் முடியும் படம், கார்டு இல்லாத மடிக்கணினியில் பல நிமிடம் இழுக்கும். அந்த வசதிக்காகவே ஒரு மென்பொருளை வாங்க நினைத்தால், விளம்பரத்தை விட்டு உங்கள் கணினியில் ஓட்டிப் பாருங்கள்.

மானிட்டர் சரியில்லாமல் எந்த மென்பொருளை ஒப்பிட்டாலும் வீண். திரையை அளந்து சரிசெய்யும் கேலிப்ரேஷன் கருவி கொண்டு டி65 வெண்மை, காமா 2.2, வெளிச்சம் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலாவுக்குள் என்று நிறுத்துங்கள். அச்சில் படம் இருண்டு வருகிறது என்பவர்களில் பெரும்பாலோரின் திரை மிதமிஞ்சிப் பிரகாசமாக எரிந்துகொண்டிருக்கும். எக்ஸ்போர்ட் செய்த படம் போனில் வெளிறித் தெரிந்தால், அது புரோபோட்டோ அல்லது அடோபி ஆர்ஜிபி என்ற அகலமான வண்ண வெளியில் போயிருக்கும். திரைக்குப் போகும் படம் எஸ்ஆர்ஜிபியில்தான் போக வேண்டும்.

வாங்கும் முன் சோதனை

எல்லாப் பெரிய மென்பொருளுக்கும் சோதனைக் காலம் உண்டு. அது ஓடத் தொடங்கும் முன் படங்களைத் தயார் செய்யுங்கள். தொடங்கிய பிறகு தேடினால் பாதி நாள் தேடுவதிலேயே கழியும். உங்கள் சொந்த ரா ஃபைல்களில் பத்து போதும், ஆனால் ஒவ்வொன்றும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். ஜன்னல் வெளிச்சத்தில் வானம் வெளுத்த படம் ஒன்று. 3 ஸ்டாப் இருண்டு போனது ஒன்று. அதைத் தூக்கும்போது நிழலில் ஊதாவோ பச்சையோ படர்கிறதா என்று பாருங்கள். நீங்கள் தொடும் அதிகபட்ச ஐஎஸ்ஓ. இரண்டு விதமான விளக்குகள் கலந்த இடத்தில் ஒரு முகம். நீல எல்இடி விளக்கு விழுந்த மேடை. சில மென்பொருள்களில் அந்த நீலம் உருவமே இல்லாத திட்டாக உறைந்துவிடும். பறக்கும் கூந்தல் உள்ள ஒரு முகப்படம், ஏஐ மாஸ்க் முடியோரத்தை எப்படி வெட்டுகிறது என்பதற்காக. மிக அகலமான லென்ஸில் எடுத்த கட்டடம். நெருக்கமாக நெய்த துணி. அடர் சிவப்புப் பூ. கடைசியாக, நீங்கள் வழக்கமாக எடுக்கும் மிகச் சாதாரணப் படம். அதுதான் உங்கள் வேலையின் பெரும்பகுதி.

திறந்தவுடன் தெரியும் தோற்றத்தை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். ஒவ்வொரு நிறுவனமும் தன் ஆரம்பத் தோற்றத்தைக் கவர்ச்சியாக வைக்கும். கொஞ்சம் பிரகாசமும் கான்ட்ராஸ்ட்டும் கூடிய படம்தான் எப்போதும் நல்லதாகக் கண்ணில் படும். ஒவ்வொரு மென்பொருளிலும் அதே படத்தை ஒரே இலக்கை நோக்கித் திருத்தி, ஒரே அளவில் எக்ஸ்போர்ட் செய்து, மூன்றாவது மென்பொருள் ஒன்றில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 100 சதவீதத்தில் பாருங்கள். முதல் நாள் முடிவெடுக்காமல் மறுநாள் காலையில் பாருங்கள், கண் புதிதாக இருக்கும்.

பிறகு நேரச் சோதனை. 50 படங்களை எடுத்துக்கொண்டு, இம்போர்ட் முதல் எக்ஸ்போர்ட் வரை கடிகாரம் வைத்துச் செய்யுங்கள். முதல் முறை கை பழகாததால் அந்தக் கணக்கை விட்டுவிடுங்கள், மூன்றாவது முறையின் நேரத்தை எழுதுங்கள். அந்த எண்ணைத் தொடக்கத்தில் போட்ட நான்கு வரிக் கணக்கோடு வைத்துப் பார்த்தால், இரண்டு மென்பொருள்களில் எது என்ற தயக்கம் பெரும்பாலும் அங்கேயே தீரும். சோதனைக் காலம் முடிவதற்குள் இன்னொன்றையும் செய்யுங்கள்: பத்துப் படங்களையும் அவற்றின் சைட்காரையும் வேறு ஃபோல்டருக்கு நகர்த்தி, திருத்தங்கள் கூடவே வருகின்றனவா என்று பாருங்கள். வரவில்லை என்றால், அதைச் சரிசெய்யும் வழியை வாங்கும் முன்பே கற்றுக்கொள்ளுங்கள்.

மாறுவதென்று முடிவானால்

பழைய படங்களைப் புதிய மென்பொருளில் மறுபடி திருத்த முயலாதீர்கள், மாதக்கணக்கில் தின்னும். ஒரு தேதியை வரையறுத்து, அதற்குப் பிறகு எடுப்பவை புதியதில், முன்னவை பழையதில் என்று பிரித்துவிடுங்கள். பழைய மென்பொருளை மூடும் முன் எல்லாப் படங்களையும் தேர்ந்தெடுத்து, நட்சத்திரத்தையும் குறிச்சொற்களையும் எக்ஸ்எம்பியில் எழுதச் சொல்லுங்கள். லைட்ரூமில் லைப்ரரிப் பகுதியில் கன்ட்ரோல் எஸ், மேக்கில் கமாண்ட் எஸ். மூன்று நட்சத்திரத்துக்கு மேல் வாங்கிய திருத்தப்பட்ட படங்களை முழு அளவில் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். அச்சுக்குப் போகக்கூடியவை 16 பிட் டிஃப்பாகவும் மற்றவை உயர் தர ஜேபெக்காகவும் இருக்கட்டும். அவற்றை ராவின் அதே ஃபோல்டருக்குள் ‘முடிந்தவை’ என்ற துணை ஃபோல்டரில் வையுங்கள், எந்த மென்பொருளும் இல்லாமலே நாளை திறக்கும். கேட்டலாக்கின் கடைசிப் பிரதியையும், அதைத் திறந்த மென்பொருளின் பதிப்பு எண்ணை எழுதிய ஒரு சிறு டெக்ஸ்ட் ஃபைலையும் சேர்த்து இரண்டு தனித்தனி டிஸ்க்குகளில் வையுங்கள். புதியதில் இரண்டு முழு வேலைகளை முடித்து ஒப்படைக்கும் வரை பழையதைக் கணினியிலிருந்து நீக்க வேண்டாம்.